குழாயைத் திறந்துவிட்டுப் படி

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். வயிற்றில் இருப்பது உதைக்கிறதா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்ற சேதியெல்லாம் அதற்குப் பிறகு. இங்கே கடவுள் தயவில் குறையொன்றும் இல்லை. உன் மாமாவுக்கு அதே கடை, அதே தராசு. என் மாமியாருக்கு முழங்கால் வலி வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் வீட்டுக்காரர் சிரித்ததாக எழுதியிருந்தாய். லாரியில் ஏறினால் மாதக்கணக்கில் ரோட்டிலேயே கிடக்கிறவருக்கு வீட்டு நிலவரம் என்ன தெரியும்? இங்கே போன் அடித்தால் அத்தை "ஸ்பீக்கர்ல போடு, நானும் ரெண்டு வார்த்தை கேக்குறேன்" என்கிறார். கடிதத்தில் நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அவருக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுதுவதில்தான் ஆபத்து. நான் என்ன பள்ளிக்கூடம் போய்ப் படித்தவளா? பிரார்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டியவள். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு விளங்கும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. உன் கடிதத்தை நான் படித்தால் அத்தையும் படித்த மாதிரிதான். அதை நினைவில் வைத்து எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நாத்தனார், நம் நர்ஸம்மா, போன வாரம் ஒருநாள் வந்துவிட்டுப் போனாள். நீ மாசமாக இருப்பதைச் சொன்னேன். ஏழாம் மாதம் பிறந்ததும் கக்குவான் இருமலுக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். பிறந்த பிள்ளைக்கு அதை உடனே போட முடியாதாம், சில வாரம் போக வேண்டுமாம். அதுவரை தாய் போட்டுக்கொண்ட ஊசிதான் பிள்ளையைக் காக்குமாம். "அந்த இருமல் வந்தா கைக்குழந்தை மூச்சு வாங்க முடியாம நீலமாயிடும் அண்ணி. பார்க்கச் சகிக்காது" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. அவளுக்கு நல்ல மனசு.

நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே முன் கூடத்தில் போடுகிறார்களாம். அவளும் அங்கேதான் இருக்கிறாள். அவ்வளவு பெரிய இடம், அவள் முன்பக்கம், நீ பின்பக்கம், இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லையாமே! என் கல்யாணத்தில் பார்த்த முகம், மறந்திருக்காது. நேரே போய் நில்.

ஒன்றே ஒன்று. நீ அங்கே துணிக் கணக்கு எழுதுகிறாய் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெளுக்கிற வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மகள் நர்ஸ் என்று தெருவில் நிமிர்ந்து நடக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? நர்ஸம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். கேட்டால் தலையை ஆட்டிவிடு. பொய்தான். அதை என் கணக்கில் எழுதிக்கொள் என்று கடவுளிடம் சொல்லிவிட்டேன். உனக்குப் பற்று விழாது.

உனக்காக விடியற்காலையில் எழுந்து வேண்டிக்கொள்ளும்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நல்லா உதைக்குது. அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். அத்தை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறாங்களா? (அத்தை, காதுல விழுந்தா சரி.)

வேலை ஒரு குறையும் இல்லாம போகுது. துணி மலை மாதிரி வருது. வந்ததை எல்லாம் ஒழுங்கா எழுதிட்டுத்தான் உட்காருறேன். விடுதியில எட்டுக் கட்டில். என் பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவளுக்குச் சுருள் சுருளா முடி, அதனால எல்லாரும் சுருட்டைன்னு கூப்பிடுவோம். அவளும் மாசமா இருக்கா, எனக்கு முன்னாடியே பெத்துடுவா. ராத்திரி ரெண்டு வயிறும் ஒரே ஜன்னல் காத்துக்குச் சண்டை போடுது.

ஊசி புதன்கிழமை காலையில மட்டும்தான் போடுறாங்க. எங்களுக்கும் அப்பதான் முதல் ஷிஃப்ட். மேஸ்திரிகிட்ட கேட்டா, "ஊசிக்குப் போனா பாதி நாள், பாதி நாள்னா பாதிக் கூலி, உன் இஷ்டம்"ங்கிறார். சுருட்டை வேற, "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு மிஞ்சிப்போன மருந்தைத்தான்டி ஏத்துவாங்க"ன்னு பயமுறுத்துறா. நான் அதை நம்பல. உன் நாத்தனார் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

அவங்களைப் பார்த்தா நான் கேட்டேன்னு சொல்லு.

உன்,
சின்னவள்


மார்ச் 12

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. வெந்நீர் ஒத்தடம் என்று நீ எழுதியதைக் கேட்டு அத்தை தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே "பார்த்தியா, யாருக்கோ அக்கறை இருக்கு" என்றார். அடி எனக்கு. இருக்கட்டும், நீ நல்லா இருந்தால் போதும்.

"அவங்களைப் பார்த்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். ஏன், நீயே பார்க்கக்கூடாதா? ஒரே கூரை அல்லவா? உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. பாதிக் கூலியைப் பார்க்காதே. நான் அனுப்புகிறேன். வீட்டுச் செலவில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

கூச்சம் என்றால், முன் கூடத்தில் போய் "நர்ஸம்மாவோட அண்ணியின் தங்கச்சி" என்று சொல். ராஜமரியாதை கிடைக்கும் என்று அத்தை சொல்கிறார். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "என் பொண்ணு ஒரு குரல் கொடுத்தா டாக்டரே எந்திரிச்சு வருவாரு" என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் ஊசி போட்டாச்சு என்ற சேதி வர வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலமா இருக்கேன். ஊசி போட்டாச்சு. எல்லாருக்கும் வணக்கம்.

சின்னவள்


ஏப்ரல் 15

என் தங்கமே,

நீ எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டு அப்படியே அடுப்பங்கரையில் கைகூப்பி நின்றுவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. எந்தக் கையில் போட்டார்கள்? காய்ச்சல் வந்ததா? இதையெல்லாம் எழுத மாட்டாயா? தபால்தலைக்குக் கொடுத்த காசு வீணாகாமல் நாலு வரி எழுதினால் என்ன?

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நர்ஸம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கர்தான். "ஏம்மா, சின்னவளுக்கு ஊசி போட்டாச்சாமே, நீயா போட்டே?" என்று கேட்டார். "யாரு, சின்னவளுக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். லைன் சரியில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் "ஆமாம்மா, நான்தான் போட்டேன். நோகாம போட்டேன்" என்றாள். அத்தை அன்று மாலைப் பிரார்த்தனையில் தன் மகளின் கைக்குத் தனியாக நன்றி சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

நர்ஸம்மாவிடம் நேரிலும் மறக்காமல் நன்றி சொல். இனி பிள்ளை நல்லபடியாக வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

நிம்மதியாக,
அக்கா


மே 1

அக்கா, குழாயை முழுசாத் திறந்துவிட்டுட்டு அப்புறம் கீழே படி. வாளியில தண்ணி விழற சத்தம் பெருசா இருக்கட்டும்.

நான் ஊசி போட்டுக்கல.

உன் நாத்தனார் நர்ஸ் இல்ல.

நீ படிக்கிறதை அத்தையும் கேப்பாங்கன்னுதான் இத்தனை நாள் எழுதாம இருந்தேன். போன்ல உன் நாத்தனார் "நான்தான் போட்டேன்"னு சொன்னாங்கன்னு நீ எழுதினதைப் படிச்சப்புறம் இனி எழுதாம இருந்தா பாவம்னு தோணுச்சு. நான் ஒரு பொய் சொன்னேன், அவங்க அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொய் சொன்னாங்க. இப்ப நான் போய் ஊசி போட்டுக்கவும் வழியில்ல, போடலன்னு சொல்லவும் வழியில்ல.

மார்ச்லயே போனேன் அக்கா. அரை நாள் லீவு சொல்லிட்டு, வேலைக்குப் போடற நீலச் சட்டையைக் கழட்டி வெச்சுட்டு, இருக்கிறதுலயே நல்ல துணியை உடுத்திக்கிட்டு, பின்கட்டிலிருந்து சுத்தி முன்வாசலுக்கு வந்தேன். நீலச் சட்டையோட முன் கூடத்து நாற்காலியில உட்காரக்கூடாது, அது எங்க காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாருக்கும் சட்டம். கதவைத் தள்ளினேன். எதிர்க்க உன் நாத்தனார். அதே நீலச் சட்டை. கையில தரை துடைக்கிற கட்டை, காலடியில வாளி. ஒரு நர்ஸ், நிஜ நர்ஸ், "ஏய், இந்த ஈரத்துல யாராவது வழுக்கி விழுந்தா உங்க அப்பனா வந்து தூக்குவான்?"னு கேட்டுக்கிட்டு இருந்தா. சின்னப் பொண்ணு, என் வயசுகூட இருக்காது.

உன் நாத்தனார் நிமிர்ந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் கதவை விட்டுட்டுத் திரும்பிட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. அவங்க வரிசையாத் துடைச்சுக்கிட்டே வருவாங்க. என்கிட்ட வரும்போது நான் காலைத் தூக்கிக்கணும். நீ வாழப்போன வீட்டுப் பொண்ணு என் காலடியைத் துடைக்க, நான் வயித்துல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். என்னால முடியல. அவங்களுக்கும் அது உயிர் போற மாதிரி இருக்கும்.

அப்புறமும் போனேன். புதன்கிழமைன்னா அவங்களுக்கு அந்தக் கூடம்தான். வேற ஆஸ்பத்திரியில கேட்டேன், விலாசத்துக்கு அத்தாட்சிச் சீட்டு கொண்டு வாங்கன்னு சொல்றாங்க. எட்டுக் கட்டில் அறைக்கு யாரு சீட்டு கொடுப்பா? நடுவுல உங்களைச் சமாதானப்படுத்தத்தான் போட்டாச்சுன்னு ஒரு வரி எழுதினேன்.

சுருட்டைக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்தது. அவ ஊசி போட்டுக்கல. இந்த அறையிலயேதான் வெச்சிருந்தா. போன வாரம் பிள்ளைக்கு இருமல். முதல்ல சளின்னு நினைச்சோம். ஒரு தடவை இருமி இருமி, அப்புறம் சத்தமே வரல அக்கா. வாய் திறந்தபடி இருக்கு, காத்து உள்ளே போகல. உதடு கறுத்துப்போச்சு. சுருட்டை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட ஓடினா. இப்ப குழந்தைகள் வார்டுல குழாய் மாட்டி வெச்சிருக்காங்க. அந்த வார்டு மூட்டை வெளுக்க வந்தா எனக்குப் பிரிக்கவே கை வரமாட்டேங்குது.

என் பிள்ளையும் இதே அறைக்குத்தான் வரப்போகுது.

அத்தைக்குத் தெரிய வேண்டாம். உன் நாத்தனாருக்கும் நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம். உனக்கு மட்டும்தான்.

சின்னவள்


மே 7

சின்னவளுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ நலமா என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

நீ சொன்னபடி குழாயைத் திறந்தேன். வாளி நிரம்பும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. முதல் இரண்டு வரியிலேயே எனக்குக் கண்ணும் காதும் அடைத்துவிட்டன. மேலே மேலே படித்துக்கொண்டே போனேன். நடுவில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் அது வழக்கம்தான். அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. துடைக்கிற கட்டை, வாளி, காலடி, உன் சுருட்டையின் பிள்ளை, எல்லாவற்றையும் வெறும் சமையலறையில், வெறும் வாளிக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்திருக்கிறேன்.

படித்து முடித்துக் கூடத்துக்கு வந்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எப்பவோ நின்னு போச்சு. பார்க்கலையா?" என்றார்.

தரையிலேயே உட்கார்ந்தேன். அவரே பேசினார். "உன் தங்கச்சிக்குக் கணக்கு எழுதற வேலைன்னு சொன்னே."

"ஆமா அத்தை."

"என் பொண்ணு நர்ஸ்னு நான் சொன்னேன். அவ படிப்பை பாதியில விட்டது எனக்குத் தெரியும். திரும்பச் சேர்ந்துட்டேன்னு சொன்னா. நானும் மேல எதையும் தோண்டிக் கேக்கல." கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. "தினம் சாயந்தரம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துதான் பிரார்த்தனை பண்றோம்."

அன்று மாலை நாங்கள் பிரார்த்தனைக்கு உட்காரவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது தவறியது அன்றுதான்.

நீ என்னை நம்பி எழுதியதை ஊருக்குக் கேட்கிற மாதிரி படித்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. உன் வேலையை முதலில் மறைத்தது நான். வெளுக்கிற வேலையில் என்ன கேவலம் என்று நான் அன்றைக்கே நிமிர்ந்து சொல்லியிருந்தால், நர்ஸம்மாவின் நீலச் சட்டையைப் பார்த்தபோது உனக்கு ஓடத் தோன்றியிருக்காது. இவளும் நம்மைப் போலத்தான் என்று உள்ளே போயிருப்பாய். மறைக்க வேண்டிய விஷயம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கணக்கில் எழுதிக்கொள் என்று கடவுளிடம் சொன்னேனே, பற்று உன் பிள்ளை பேரில் அல்லவா விழுந்திருக்கிறது!

நீ யாருக்காகவும் பார்க்காதே. வருகிற புதன்கிழமை போய் உட்கார். காலைத் தூக்க வேண்டுமென்றால் தூக்கு. என் மேல் சத்தியம்.

அக்கா


மே 7

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாத சேதி. அதனால்தான் கடிதம்.

உன் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. சின்னவள் எனக்கு மட்டும் எழுதியதை நான் உரக்கப் படித்துத் தொலைத்தேன். அவள் மேல் கோபப்படாதே. உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் அவள் இத்தனை நாள் ஊசியே போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். கோபம் இருந்தால் என் மேல் காட்டு. அவள் எழுதுகிற வேலையில் இல்லை, உங்கள் பின்கட்டில் துணி வெளுக்கிறாள் என்பதை நானும் உங்களிடம் மறைத்தவள்தான்.

உன்னைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். கைக்குழந்தை நீலமாகிவிடும் என்று என்னிடம் சொன்னவள் நீ. அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப்போகிறது. அவள் உள்ளே வர ஒரு வழி செய்.

அண்ணி


மே 16

அக்காவுக்கு,

சத்தியம் எல்லாம் வைக்காதே, பயமா இருக்கு. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. தண்ணி நின்னதுக்கு நீ என்ன பண்ணுவே?

புதன்கிழமை போனேன். கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். அவங்க என்னைப் பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சாங்க. நீ எழுதினது அவங்க கைக்குப் போயிருக்கும்னு புரிஞ்சுது. இனி நான் எந்த மூஞ்சியோட உள்ளே போவேன்? திரும்பிட்டேன்.

இனியும் தள்ளிப்போட்டா ஊசி பிள்ளைக்குப் போய்ச் சேர நேரம் பத்தாதுன்னு அங்க சுவர்ல எழுதி இருக்கு. எழுத்துக் கூட்டி வாசல்லயே நின்னு படிச்சேன்.

சுருட்டையோட பிள்ளை இன்னும் குழாயோடதான் இருக்கு. அவ யாரோடயும் பேசறதில்ல. அத்தை உன்கூடப் பேசறாங்களா?

சின்னவள்


மே 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்கள், அண்ணன், அம்மா மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். அதனால்தான் இத்தனை தாமதம்.

சின்னவளுக்கு ஊசி போட்டாயிற்று. இந்தமுறை நிஜம். இடது கை. லேசாக வீங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை.

சந்தோஷப்பட்டுவிட்டுப் பிறகு இதைப் படியுங்கள். அவள் வாசல் வரை வந்து திரும்பிப் போனதை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் பார்த்தேன். முதல் தடவை துடைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். அடுத்த தடவை, கதவு மூடினதும், அப்பாடா போய்விட்டாள் என்று மூச்சு விட்டேன். என் வாளியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன். குழந்தைகள் வார்டையும் நான்தான் துடைக்கிறேன் அண்ணி. அந்த இருமலை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, காதால் கேட்டுத்தான் சொன்னேன். அதைக் கேட்ட காதோடுதான், அப்பாடா என்று நினைத்தேன். போனில் அம்மா கேட்டபோது "நோகாம போட்டேன்" என்று சொன்னது இதே வாய்தான்.

போன செவ்வாய்க்கிழமை சுருள் முடிக்காரியின் பிள்ளை இறந்துவிட்டது. அந்தக் கட்டிலைத் துடைக்க என்னைத்தான் அனுப்பினார்கள். விரிப்பை உருவி மூட்டை கட்டினேன். அந்த மூட்டை நேரே சின்னவள் கைக்குப் போகும் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் புதன்கிழமை. கூடத்தைத் துடைக்காமல் நேரே பின்கட்டுக்குப் போனேன். ஒரே ஆவி, ஆள் முகம் தெரியவில்லை. விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "வா" என்றேன். விழித்துப் பார்த்தாள்.

"மேஸ்திரி விடமாட்டார்க்கா."

"அவரா பிள்ளை பெத்துக்கப்போறார்? வா."

"துணி மாத்திக்கிட்டு வரேன்."

"எதுக்கு மாத்தணும்? நானும் இதைத்தான் போட்டிருக்கேன்."

இரண்டு பேரும் அதே நீலச் சட்டையோடு முன் கூடத்துக்குப் போனோம். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். ஊசி போடுகிற பெண் சீட்டு எழுதிக்கொண்டே, போட்டபிறகு அரைமணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றாள். "கூட வந்தது யாரு?"

"நான்தான்."

"நீ துடைக்கிறவதானே?"

"துடைக்கிறவதான். இவ எங்க அண்ணியோட தங்கச்சி. துணி வெளுக்கிறவ."

அவ்வளவு பெரிய கூடத்தில் இதைச் சொன்னேன். யார் தலையும் உடைந்துவிடவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்தாள். இதற்குத்தான் இத்தனை மாதமா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரைமணி நேரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "வலிக்குதா?" என்று கேட்டேன். "நீங்கதான் போன மாசமே நோகாம போட்டுட்டீங்களே அக்கா" என்று சிரித்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கேலி வருகிறது. என்னால் சிரிக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைக்காத தரை, எல்லாக் கால்தடமும் தெரிந்தது.

எனக்குச் சூப்பர்வைசரிடம் ஏச்சு, அவளுக்கு மேஸ்திரியிடம் ஏச்சு. அது பழகினதுதான். பிரசவ வலி வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைச் சில வாரமாவது அந்த எட்டுக் கட்டில் அறையில் வைக்க வேண்டாம், என் அறைக்கு வரட்டும். சின்ன அறைதான், இருமுகிறவர் யாரும் இல்லை.

இதைத் தைரியம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னொருத்தியின் பிள்ளை போன பிறகு வந்ததற்குப் பேர் தைரியம் இல்லை. சுருள் முடிக்காரி இப்போதும் வேலைக்கு வருகிறாள். என்னைத் தாண்டிப் போகும்போது நான்தான் தலையைக் குனிகிறேன். அவளிடமும் போய் "வா" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை, அவள் எனக்கு யாரோ.

அம்மா என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதம் விடுப்பில் ஒருநாள் வீட்டுக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள் அண்ணி. என் மனசுக்காக மாற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்